என்ஜினில் தட்டும் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது பெரும்பாலும் பெட்ரோல் கார்களைப் பற்றி. டீசலுக்கும் டர்போவுக்கும் தனியாக ஒவ்வொரு கேள்வி உண்டு. சத்தம் எப்படி இருக்கிறது என்று விவரிக்கத்தான் எல்லோரும் முயல்கிறார்கள். ஆனால் கோளாறைக் காட்டிக் கொடுப்பது அது எப்போது வருகிறது என்பதுதான். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே போகும்.

தட்டும் சத்தம் எல்லாமே ஒரே கோளாறா?

இல்லை, இரண்டு பெரிய வகை இருக்கிறது. ஒன்று, எரிதலில் வரும் கோளாறு. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் எரிய வேண்டிய விதத்தில் எரியாததால் வருவது. சில்லறைக் காசைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியது போல மெல்லிய, கூர்மையான சத்தம். இரண்டாவது, தேய்மானத்தால் வருவது. கனெக்டிங் ராட் பேரிங், மெயின் பேரிங், பிஸ்டன், பிஸ்டன் பின், டாப்பெட், டைமிங் செயின் என்று எதில் இடைவெளி விழுந்தாலும் உலோகத்தில் உலோகம் இடிக்கும்.

முதல் வகை பெரும்பாலும் எரிபொருள், கார்பன், பிளக், சூடு ஆகியவற்றைக் கவனித்தால் போய்விடும். இரண்டாவதில் பேரிங் என்றால் என்ஜினையே இறக்க வேண்டி வரலாம். செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எந்த வகை என்று தெரியாமல் யாரையும் ஸ்பேனரைத் தொட விடாதீர்கள்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சத்தம் வந்தால் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டுமா?

சிவப்பு ஆயில் விளக்கு சத்தத்தோடு சேர்ந்து எரிந்தால் ஓரம் கட்டி உடனே என்ஜினை அணையுங்கள். "அடுத்த ஊர்வரை மெதுவாகப் போய்விடலாம்" என்ற கதையெல்லாம் வேண்டாம். ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடும் பேரிங் சில நிமிடங்களில் கிராங்கை (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) கடித்துவிடும். அப்புறம் ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் சரிசெய்ய என்ஜினே மிஞ்சாது.

விளக்கு எரியவில்லை, ஆனால் டொக் டொக் என்று ஆழமான சத்தம் என்றாலும் ஓட்ட வேண்டாம். டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஊற்றுங்கள், ஆனால் ஊற்றியதும் சத்தம் அடங்கிவிட்டது என்று பயணத்தைத் தொடராதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுவதுதான் மலிவு.

மேடு ஏறும்போது மட்டும் லேசாகக் கிணிகிணி என்றால் அவ்வளவு அவசரம் இல்லை. கியரைக் குறைத்து, ஆக்சிலரேட்டரில் காலைக் கொஞ்சம் எடுத்து வீட்டுக்குப் போகலாம்.

கொல்லிமலை ஏறும்போது மட்டும் கிணிகிணி என்கிறது. சமதரையில் ஒன்றும் இல்லை. என்ன காரணம்?

இது முதல் வகைதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள், வண்டி நிறைய ஆட்கள், ஏசி ஓடுகிறது, வளைவு திரும்பியதும் கியரைக் குறைக்காமல் மூன்றாவதிலேயே காலை அழுத்துகிறோம். என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் திணறுகிறது. நாக்கிங் (எரிதலில் வரும் இந்தத் தட்டல்) வர இதைவிடத் தோதான சூழல் கிடையாது.

நடப்பது இதுதான். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே பிளக் பொறி விடும். அங்கிருந்து தீ சீராகப் பரவ வேண்டும். 3,000 சுற்றில் இந்த எரிதல் முழுக்க இரண்டு மூன்று மில்லி விநாடியில் முடிந்துவிடும். தீ வந்து சேராத மூலையில் இருக்கும் கலவை அதுவரை நசுங்கிச் சூடேறிக்கொண்டே இருக்கிறது. அது பொறுக்க முடியாத அளவுக்குப் போனால், தீ வருவதற்கு முன்பே தானாக, ஒட்டுமொத்தமாக வெடிக்கும். அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவர்களுக்கு இடையே மோதி மோதி அதிர்வதைத்தான் நாம் கேட்கிறோம். சிலிண்டரின் விட்டம் குறையக் குறைய அதிர்வு வேகம் கூடும். 73 மி.மீ. விட்டம் கொண்ட பழைய ஸ்விஃப்ட் 1.2 லிட்டர் என்ஜினில் கணக்குப்படி விநாடிக்கு ஏறத்தாழ 7,800 தடவை வரும்.

சுற்று குறைவாகவும் காலை அழுத்தியும் இருக்கும்போது மூலைக் கலவைக்கு வெடிக்க நேரமும் கிடைக்கிறது, அழுத்தமும் கிடைக்கிறது. சோதனை எளிது. சத்தம் வரும் அதே நொடியில் இரண்டாவது கியருக்கு மாறிக் காலைத் தளர்த்துங்கள். சத்தம் பட்டென்று நின்றால் எரிதல் கோளாறு. தேய்ந்த பேரிங் இப்படிச் சொன்னபடி கேட்காது.

கியரைச் சரியாகப் போட்டும் வருகிறது என்றால் மற்ற காரணங்களைத் தேட வேண்டும். கூலண்ட் குறைந்து என்ஜின் வழக்கத்தைவிடச் சூடாக ஓடுகிறதா? பிஸ்டன் தலையில் கார்பன் படிந்து கம்ப்ரஷன் கூடியிருக்கிறதா? ஏர் ஃபில்டருக்குப் பிறகு எங்காவது குழாய் வெடித்துக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறதா? ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் விடுவது) உள்ள வண்டியில் அது அடைத்துக்கொண்டாலும் எரியும் சூடு ஏறும்.

பிளக்கையும் பாருங்கள். பீங்கான் பகுதியில் மிளகுத் தூள் தூவியது மாதிரி கறுப்புப் புள்ளிகளோ, பொடிப்பொடியாக அலுமினிய உருண்டைகளோ இருந்தால் நாக்கிங் நெடுநாளாக நடக்கிறது, பிஸ்டன் கரைய ஆரம்பித்திருக்கிறது. தவறான பிளக் போட்டும் இந்தத் தொல்லை வரும். என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூடக் குளிர்ந்த பிளக் (சூட்டை வேகமாகக் கடத்துவது), பாஷ் பிளக்கில் எண் கூடக் கூடச் சூடான பிளக். "ரெண்டும் ஏழாம் நம்பர்தானே" என்று மாற்றிப் போட்டால் வம்புதான். சரியாக முறுக்காத பிளக்கும் சூட்டைக் கடத்த முடியாமல் சிவந்து, பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும்.

இப்போதைய கார்களில் நாக் சென்சார் இருக்கிறதே, அப்புறம் எப்படிச் சத்தம் வரும்?

நல்ல கேள்வி. நாக் சென்சார் என்பது பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் ஒரு சின்னப் பீசோ மைக் மாதிரி. மேலே சொன்ன அதிர்வு வந்ததும் ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பொறி விடும் நேரத்தைச் சில டிகிரி பின்னுக்குத் தள்ளும். நாக்கிங் அடங்கும். அதற்கு விலையாக இழுவையும் மைலேஜும் குறையும்.

ஆகவே புதிய காரில் நாக்கிங் பெரும்பாலும் காதுக்கே வராது. "வண்டி முன்ன மாதிரி இழுக்கல" என்ற புகாராகத்தான் வரும். காதில் விழும் அளவுக்கு வந்துவிட்டது என்றால், ஈசியுவால் சமாளிக்க முடியாத அளவுக்குப் போயிருக்கிறது, அல்லது சென்சாரே வேலை செய்யவில்லை. ஈசியுவில் பதிவான கோளாறுக் குறியீடுகளை (கோட்) படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகுங்கள். பி0325 முதல் பி0328 வரை ஏதாவது கோட் இருந்தால் சென்சார் சர்க்யூட்டைப் பாருங்கள். புது சென்சார் வாங்குவதற்கு முன் வயரைப் பாருங்கள், எலி கடித்திருக்கும் வாய்ப்பு நம் ஊரில் எப்போதுமே அதிகம். சென்சாரை இறுக்கும் அளவும் முக்கியம். பல வண்டிகளுக்கு 20 நியூட்டன் மீட்டர் அளவில்தான் சொல்லியிருப்பார்கள். தளர்ந்தால் கேட்காது, அளவுக்கு மீறி இறுக்கினால் தப்பாகக் கேட்கும். நடுவில் வாஷர் போடுவது மகா தப்பு.

ஸ்கேனர் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். ஒரே ஏற்றத்தில், ஒரே கியரில், ஒரே வேகத்தில் போகும்போது இக்னிஷன் டைமிங் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுபவர் அல்ல. அடுத்த கேள்விக்கு இது உதவும்.

95 அல்லது 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் சரியாகிவிடுமா?

மருந்தாக அல்ல, சோதனையாகப் போட்டுப் பார்க்கலாம். டேங்கில் ரிசர்வ் வரும்வரை ஓட்டிவிட்டு எக்ஸ்பி100 போன்ற பெட்ரோலை நிரப்பி அதே ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள். சத்தம் போய், டைமிங் டிகிரியும் கூடுதலாகக் காட்டினால் எரிதல் கோளாறு உறுதி. துளிகூட மாறவில்லை என்றால் தேய்மானத்தைச் சந்தேகியுங்கள். ஈசியு புதிய பெட்ரோலுக்குப் பழகக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும், பங்க்கை விட்டு வெளியே வந்ததும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவு. அதில் கூடுதல் சக்தி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. 91-க்கு வடிவமைத்த நல்ல நிலையில் உள்ள என்ஜினுக்கு 100 போடுவது காசுக்குப் பிடித்த கேடு. ஒரு காலத்தில் ஆக்டேனை உயர்த்தப் பெட்ரோலில் ஈயமே கலந்தார்கள். நாக்கிங்கைத் தடுக்கும் என்று 1921-இல் அமெரிக்காவில் கண்டறிந்த அந்த டெட்ரா எத்தில் ஈயம் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில்தான் முழுக்க ஒழிந்தது.

வெளிநாட்டுக் காரின் மேனுவலில் 87 என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் கணக்கிடும் முறை வேறு. அங்கே 87 என்பது நம் கணக்கில் சுமார் 91, 92.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் வந்ததில் இருந்துதான் தட்டுகிறது என்கிறார்களே?

எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும் பொருள். அதன் ஆக்டேன் எண் சுமார் 108. அதனால்தான் இ20-க்கு 95 ஆக்டேன் என்று வைத்திருக்கிறார்கள். முன்பு சாதாரணப் பெட்ரோலுக்கு அது 91. ஆகவே இ20-யின் மேல் நேரடியாகப் பழி போட முடியாது. பழைய வண்டிகளில் ரப்பர் குழாய், மைலேஜ் என்று வேறு குறைகள் சொல்லலாம், அது தனிக் கதை.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் ஈசியு கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டும். ஏற்கெனவே இன்ஜெக்டர் அடைத்தோ பெட்ரோல் பம்ப் தளர்ந்தோ இருக்கும் வண்டியில் அது முடியாமல் கலவை மெலிந்துபோகும். பி0171 கோட் வந்தால் இதைப் பாருங்கள். மற்றது தண்ணீர். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் தண்ணீர் சேர்ந்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் தங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலுக்கு ஆக்டேன் குறைவு. அப்போது தட்டத்தான் செய்யும்.

சிஎன்ஜி வண்டி வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது குறுக்கு வழி உண்டா?

உண்டு, அதுவும் செலவே இல்லாமல். சிஎன்ஜியின் ஆக்டேன் 120-ஐ ஒட்டி இருக்கும், சுலபத்தில் நாக் ஆகாது. சத்தம் வரும் ஏற்றத்தில் சுவிட்சைப் போட்டு இரண்டு எரிபொருளிலும் ஏறிப் பாருங்கள். பெட்ரோலில் மட்டும் வந்தால் எரிதல். இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் தேய்மானம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் தட்டுகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

எத்தனை நேரம் என்பதைப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடி மட்டும் கரகரத்து நின்றால், இரவில் வடிந்த ஆயில் மேலே ஏறும்வரை டைமிங் செயின் டென்ஷனரோ விவிடி கியரோ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவது) டாப்பெட்டோ சத்தம் போடுகிறது. மலிவு ஆயில் ஃபில்டர் போட்ட பிறகு ஆரம்பித்தது என்றால் முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு அதில் சரியில்லாமல் இருக்கலாம். மாற்றியும் நாளுக்கு நாள் நேரம் நீண்டால் செயின் நீண்டிருக்கிறது. கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் பி0016 கோட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள், பல் தாண்டினால் சில என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும்.

சில நிமிடம்வரை டக் டக் என்று அடித்துச் சூடேற ஏறக் கரைந்தால் பிஸ்டன் ஸ்லாப். சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி கூடி, பிஸ்டன் பக்கவாட்டில் ஆடுகிறது. சூட்டில் பிஸ்டன் விரிந்ததும் நிற்கும். ஆயில் குடிக்கவில்லை, நீலப் புகை இல்லை என்றால் இப்படியே வருடக்கணக்கில் ஓடும் வண்டிகள் ஏராளம். சிலிண்டரைக் கடையும் போர் வேலைக்கு அவசரப்பட மாட்டேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு காஸ்கெட் லீக்கும் இதே மாதிரி குளிரில் டிக் டிக் என்று வந்து சூட்டில் மறையும் என்பதால், முதலில் அங்கே கரிக்கோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதற்கு நேர்மாறானதுதான் ஆபத்து: குளிரில் அமைதி, சூடாகி ஆயில் தண்ணியானதும் சத்தம். அது பேரிங்கின் குணம்.

ராட் பேரிங் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். என்ஜினை இறக்காமல் எப்படி உறுதி செய்வது?

நல்ல என்ஜினில் ராட் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவாக, 0.02 முதல் 0.05 மி.மீ. அளவில்தான் இடைவெளி இருக்கும். அதில் ஆயில் படலம் நிற்கிறது. இடைவெளி கூடினால் படலம் கிழிந்து இடிக்க ஆரம்பிக்கும். ஒரு சிலிண்டரின் பேரிங் போனால், அந்த சிலிண்டரின் வேலையை நிறுத்தியதும் இடியின் பலம் குறையும். சோதனையின் அடிப்படை இதுதான்.

என்ஜின் சூடான பிறகு சத்தம் நன்றாகக் கேட்கும் சுற்றில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டராகக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். காயிலைக் கழற்றுவதைவிட இது நல்லது, எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்காது. எதைக் கழற்றும்போது சத்தம் அமுங்குகிறதோ, மாறுகிறதோ, அந்த சிலிண்டர்தான் குற்றவாளி. செக் என்ஜின் விளக்கு எரியும், பிறகு அழித்துக்கொள்ளலாம். எதைக் கழற்றினாலும் மாறவில்லை என்றால் ராட் பேரிங் என்ற முடிவுக்கு வர அவசரப்படக் கூடாது.

அடுத்து, நின்ற இடத்திலேயே 2,500 சுற்றுக்கு ரேஸ் செய்து காலைப் பட்டென்று எடுங்கள். சுற்று இறங்கும் அந்த நேரத்தில் கடகடவென்று தெளிவாகக் கேட்டால் ராட் பேரிங்குக்குச் சாதகமான சாட்சி, ஏனென்றால் ராடின் மேல் உள்ள பாரம் அப்போது திசை மாறுகிறது. மெயின் பேரிங் சத்தம் இன்னும் கனமானது, காலடியில் அதிர்வாகத் தெரியும், கிளட்சை விட்டு வண்டி நகரும் நேரத்தில் அதிகமாகும். பிஸ்டன் பின் என்றால் ஐடிலிங்கில் இரட்டைத் தட்டாக வரும்.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் நம் ஊரில் அதிகம் செய்யாதது: ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் கேஜைப் பொருத்திச் சூடான நிலையில் அளப்பது. மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கையில் மேனுவல் இல்லாவிட்டால், 1,000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய தோராயக் கணக்கு. டேஷ்போர்டு விளக்கு பிரஷர் அடியோடு விழுந்த பிறகுதான் எரியும், அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

ஆயிலைப் பார்த்தே சொல்லிவிடலாமா?

பாதி சொல்லலாம். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்தால் ஜிகினா மாதிரி மின்னுகிறதா என்று பாருங்கள். அதைவிட நல்லது, பழைய ஃபில்டரை அறுத்து உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்துப் பார்ப்பது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: கிராங்க், செயின், வால்வுகளைத் திறக்கும் கேம் பக்கம். ஒட்டாத வெள்ளைத் தூள் அலுமினியம், பிஸ்டனிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ வந்திருக்கலாம். செம்பு நிறத் துணுக்கு தெரிந்தால் பேரிங்கின் மேல் பூச்சு போய் அடிப்பூச்சுவரை தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் வேறு சோதனை தேவையில்லை, சம்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றலாம்.

ஸ்டெதஸ்கோப் இல்லாமல் சத்தத்தின் இடத்தைப் பிடிக்க முடியுமா?

நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். முனையைப் பிளாக்கில் வைத்துக் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். துப்பட்டா, தொங்கும் சட்டை, ஃபேன், பெல்ட் ஜாக்கிரதை. மேலே வால்வு கவரில் பலமாகக் கேட்டால் டாப்பெட், கேம் பக்கம். முன் கவரில் கேட்டால் செயின். கீழே சம்பை ஒட்டிக் கேட்டால் கிராங்க் பக்கம்.

தாளத்தையும் கவனியுங்கள். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். 900 சுற்று ஐடிலிங்கில் கிராங்க் விநாடிக்கு 15 தடவை, கேம் ஏழரை தடவை. காதால் எண்ண முடியாது, மொபைலில் பதிவு செய்து வேகத்தைக் குறைத்துக் கேட்டால் பிடிபடும்.

என்ஜின் சத்தம் என்று நினைத்து ஏமாறுவது எதில்?

நிறையவே. ஆல்டர்னேட்டர் பேரிங், ஏசி கம்ப்ரஸர், தளர்ந்த ஹீட் ஷீல்டு, கிழிந்த என்ஜின் மவுண்டிங், பிளைவீல் போல்ட், சம்ப் கார்டில் மாட்டிய கல். ஏசியை அணைத்துப் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்டிப் பாருங்கள். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் இருக்கலாம் என்பதால் அதற்கு மேல் வேண்டாம். கிளட்சை மிதித்ததும் சத்தம் நின்றால் கியர் பாக்ஸ் பேரிங், மிதித்ததும் ஆரம்பித்தால் ரிலீஸ் பேரிங். இரண்டுக்கும் என்ஜினைத் திறக்க வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததில் இருந்து தட்டுகிறது. என்ன ஆகியிருக்கும்?

2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் புயல் என்று சென்னைக்காரர்களுக்கு இது பழகிப்போன துன்பம். தண்ணீரை நசுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தாலோ, ஓடும்போது தண்ணீரை உறிஞ்சினாலோ கனெக்டிங் ராட் வளையும். வளைந்த ராட் குட்டையாகிவிடுவதால் பிஸ்டன் உச்சிவரை போகாது, கீழே வரும்போது கிராங்கின் எடைக்கட்டியில் உரசலாம். கம்ப்ரஷன் சோதனையில் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டும். பிளக் துளை வழியே போரஸ்கோப் (சின்னக் குழாய்க் கேமரா) விட்டால் பிஸ்டன் நிற்கும் உயரத்தையும் பார்த்துவிடலாம்.

தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே கட்டி இழுத்துப் போவதே முறை. இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

டீசல் வண்டியில் தட்டுவது இயல்புதானே?

ஓரளவு. டீசலில் தானாகப் பற்றுவதுதான் வேலையே. காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் முறை) வந்த பிறகு முதன்மைத் தெளிப்புக்கு முன் ஒரு சிறு தெளிப்பு விட்டு அந்தச் சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஒரு சிலிண்டர் மட்டும் திடீரென்று கட்டைக் குரலில் தட்டினால் முதலில் இன்ஜெக்டர். ரிட்டர்ன் குழாய்களில் வழியும் டீசலை அளந்தால் எது கெட்டது என்று தெரியும். பழைய டீசல்களில் செய்தது போல ஓடும்போது பிரஷர் குழாயின் நட்டைத் தளர்த்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். 1,600 பார் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

சின்ன டர்போ பெட்ரோல் என்ஜினில் ஒரே ஒரு தடவை பலமாக 'டங்' என்றது. அப்புறம் ஒன்றும் இல்லை.

நேரடித் தெளிப்பு உள்ள டர்போவில், குறைந்த சுற்றில் காலை முழுக்க அழுத்தும்போது பொறிக்கு முன்பே பற்றிக்கொள்வது உண்டு. ஆயில் துளிகளும் கார்பன் துணுக்குகளும் அதற்குக் காரணமாகின்றன. ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் மேடு உடையும் அளவுக்கு அது பலமானது. ஆயிலில் உள்ள கால்சியம் சேர்மங்கள் இதைத் தூண்டுகின்றன என்று தெரிந்த பிறகு அமைத்த தரம்தான் 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி. டர்போ பெட்ரோல் வண்டிக்கு டப்பாவில் எஸ்பி என்று போட்ட ஆயிலையே ஊற்றுங்கள், 1,500 சுற்றில் டாப் கியரில் மிதிக்காதீர்கள்.

ஸ்கேனரில் எந்தக் கோடும் இல்லை. அப்படியென்றால் என்ஜின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. பெரும்பாலான கார்களின் ஈசியுவுக்குப் பேரிங் சத்தம் தெரியாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. ஹூண்டாய் 2015-இல் அமெரிக்காவில் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. தீட்டா 2 என்ஜினின் கிராங்க் ஆயில் வழிகளில் தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகள்கள் ராட் பேரிங்குக்கு ஆயில் போகாமல் செய்ததுதான் கோளாறு. பின்னர் ஹூண்டாயும் கியாவும் இருக்கிற நாக் சென்சாரையே வைத்துப் பேரிங் அதிர்வைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை அந்த என்ஜின்களில் ஏற்றின. அதிர்வு தெரிந்தால் பி1326 கோட் வரும், வண்டி வேகம் எடுக்காது. நம் கையில் இருக்கும் வண்டிக்கு இந்த வசதி இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் நின்றுவிடும் என்கிறாரே மெக்கானிக் அண்ணன்?

சத்தம் குறையும், பேரிங் வளராது. 2025-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் 6.2 லிட்டர் வி8 என்ஜின் கொண்ட சுமார் 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது, சோதனையில் தேறிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20-க்குப் பதில் அதைவிடக் கெட்டியான 0டபிள்யூ-40 ஆயில் ஊற்றியது. கவனியுங்கள், சோதனையில் தேறியவற்றுக்குத்தான். ஏற்கெனவே தட்டும் என்ஜினுக்கு அது வைத்தியம் இல்லை. குறுகிய ஆயில் வழிகளும் விவிடியும் உள்ள புதிய என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் வேறு தொல்லை வரும்.

பேரிங்கை மட்டும் மாற்றினால் போதாதா? கிராங்கையும் கழற்ற வேண்டுமா?

கிராங்கின் ஜர்னலில் (பேரிங் உட்காரும் வட்டப் பகுதி) நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தாலோ, மைக்ரோமீட்டரில் நீள்வட்டம் காட்டினாலோ லேத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். 0.25 அல்லது 0.50 மி.மீ. கிரைண்ட் செய்து அதற்கேற்ற அண்டர் சைஸ் பேரிங் போடுவார்கள். சில புதிய கார்களுக்கு அண்டர் சைஸ் பேரிங்கே கிடைக்காது, கிராங்கையே மாற்ற வேண்டும். இதை வேலை ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே ஏன் போனது என்று ஆயில் பம்பையும் பிக்கப் வடிகட்டியையும் பார்க்காமல் மூடினால், புதுப் பேரிங்கும் அதே வழியில் போகும்.

பழைய கார் வாங்கப் போகிறேன். எதைக் கேட்க வேண்டும்?

போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறியதும் வருகிறேன் என்று டீ குடிக்கப் போய்விடுங்கள், அல்லது மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். குளிரில் முதல் ஸ்டார்ட்டைக் காதால் கேளுங்கள், ரேடியோவும் ஏசியும் அணைந்திருக்கட்டும். அரை மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடேற்றிய பிறகு 2,500 சுற்றுக்கு ரேஸ் செய்து காலை எடுக்கும் சோதனையைச் செய்யுங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் தேன் மாதிரிப் புதிதாக, அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் எப்போது, எந்த கிரேடு ஊற்றினீர்கள் என்று கேட்டு, பில்லையும் கேளுங்கள். ஸ்கேனரைச் செருகும்போது கோட் இல்லை என்பதோடு விடாமல், கோடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற எண்ணையும் பாருங்கள். அது பத்து, இருபது என்று காட்டினால் பேரம் பேசவே வேண்டாம், அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.